மணலைக் கூட்டிவரும் நாள்

புன்னைக்குப்பத்து மணலின் தடத்தில் ஓர் இடைவெளி இருந்தது. சுகிர்தா இயந்திரத்தை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். அதே இடத்தில் அதே இடைவெளி.

கரை ஆணையத்தின் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை மணலைப் படிப்பது. மணல் துகள் இருட்டில் புதைந்திருக்கும்போது மண்ணின் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கிறது. வெளிச்சம் பட்டால் அதை இழக்கிறது. இதை வைத்து ஒரு துகள் எவ்வளவு காலம் புதைந்திருந்தது என்று சொல்வது பழைய முறை. புதிதாக வந்த தடமானி என்னும் இந்த இயந்திரம் அதைத் தாண்டிப் போனது. துகள் எந்தக் கரையில் தங்கியது, எந்த ஆழத்தில் அலையோடு உருண்டது, எத்தனை பருவம் எங்கே கிடந்தது என்று வரிசையாகச் சொன்னது. ஒரு கைப்பிடி மணலைப் போட்டால், அது வந்த வழி திரையில் கோடாக விழும்.

தடமானி வந்த பிறகுதான் கரை மீட்புச் சட்டம் வந்தது. ஓர் ஊருக்கு வர வேண்டிய மணல் வேறு எங்கே தேங்கியிருக்கிறதோ, அங்கிருந்து அள்ளித் திருப்பித் தர வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. மணலை நிறுத்தியது துறைமுகத்தின் கல்சுவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் துறைமுகம் நாட்டுக்கு இன்றியமையாத கட்டுமானம் என்று அந்தச் சட்டமே விலக்கு கொடுத்திருந்தது. ஆறுகளின் குறுக்கே இருந்த அணைகளுக்கும் அதே விலக்கு. ஆகவே வழக்கு எப்போதும் மணல் இழந்த ஊருக்கும் மணல் சேர்ந்த ஊருக்கும் நடுவில் நடந்தது.

இந்த வழக்கில் மணல் இழந்தது புன்னைக்குப்பம், துறைமுகத்துக்கு வடக்கே. மணல் சேர்ந்தது மணல்மேடு, துறைமுகத்துக்குத் தெற்கே. மணல்மேடு ஒரு காலத்தில் கடலாக இருந்தது. கல்சுவர் வந்ததும் தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே குவிந்து, கடல் பின்வாங்கி, மேடாகி, மேட்டின் மேல் குடிசை மாற்று வாரிய வீடுகள் வந்தன. பிளாக் பிளாக்காக வந்தன. கே பிளாக்கின் இரண்டாம் மாடியில் சுகிர்தாவும் அவள் அம்மா ரஞ்சிதமும் இருந்தார்கள்.

இதை அவள் அலுவலகத்தில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கரையின் மணல் வேண்டும். புன்னைக்குப்பத்தின் பழைய கரை கடலுக்குள் போய்விட்டது. கங்கையம்மன் கோயில் வாசல் மட்டும் மிச்சம் என்று ஊர்க்காரர்கள் காட்டினார்கள். அந்த மணல் மணல்மேட்டு மணலோடு அச்சாகப் பொருந்தியது. ஒரே கரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த துகள்கள். ஒரே கூட்டத்தில் கொஞ்சம் இங்கே வந்து சேர்ந்தது, மீதி அங்கே மாட்டிக்கொண்டது என்று அதற்குப் பொருள். தீர்ப்பு எப்படி இருக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜே, கே, எல் பிளாக்குகளைக் காலி செய்து, இடித்து, அடியில் கிடக்கும் மணலைக் குழாய் வழியாக வடக்கே அனுப்ப வேண்டியிருக்கும்.

இடைவெளிதான் உறுத்தியது. மணல்மேட்டில் கிடந்த துகள் அடுத்ததாகக் கோயில் வாசலில் கிடந்தது. நடுவில் தண்ணீரில் உருண்ட தடமே இல்லை. சின்னதாக ஓர் இருட்டு, அவ்வளவுதான்.

பிரிவின் தலைவர் பத்மநாபன் அதைக் கருவிப் பிழை என்றார். அவர் மேசையில் பிரிக்காத கோப்புகளுக்கு நடுவில் டீ ஆறிப் போயிருந்தது. போய் இன்னும் கொஞ்சம் ஆழத்திலிருந்து மாதிரி எடுத்து வரச் சொன்னார். அதோடு இதை முடித்துவிடலாம் என்றார்.

அன்று வீட்டுக்குப் போனபோது ரஞ்சிதம் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிளாக்கில் செய்தி பரவியிருந்தது.

"நம்ம பிளாக்கத் தோண்டப் போறாங்களாமே. நெசமா?"

"இன்னும் முடிவாகலம்மா."

"கால்வாய் ஓரத்துலேருந்து தூக்கி இங்க போட்டாங்க. மொதல்ல தண்ணி வரல, லைட் வரல. இப்பத்தான் எல்லாம் வந்துது." ரஞ்சிதம் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு வாட்டி மூட்டை கட்ட எனக்குத் தெம்பு இல்ல. நீ வேணா கட்டிக்க."

சுகிர்தா மடித்த துணிகளை உள்ளே எடுத்துப் போனாள். எந்த இயந்திரத்தை ஓட்டுகிறாள் என்று அம்மாவுக்கு அவள் விளக்கியதே இல்லை.

*

புன்னைக்குப்பத்தில் தெரு பாதியில் முடிந்தது. அதற்குப் பிறகு கொட்டிய கருங்கல், கல்லுக்குப் பிறகு கடல். கடைசி வீட்டுக்கு மூன்று சுவர்தான் இருந்தது. நாலாவது பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, உள்ளே யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் அதற்குப் பக்கத்தில். ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்கியிருந்ததால் வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள்.

சுகிர்தா பந்தலின் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாதிரி எடுக்கும் குழாயை மண்ணுக்குள் திருகினாள். வெளிச்சம் படாமல் இருக்கக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டாள். மீன் கூடையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் அஞ்சலாட்சி. ஊரின் மகளிர் குழுத் தலைவி. வழக்கில் கையெழுத்துப் போட்டிருப்பவளும் அவள்தான்.

"இன்னாம்மா மெஷின் பொண்ணு, மறுபடியும் தோண்டிகினு கீற? பொதையல் கெடச்சா எனக்கும் பங்கு வோணும்."

"கொஞ்சம் ஆழத்துல பாக்கச் சொன்னாங்கக்கா."

"பாரு, பாரு. நல்லா பாரு. கடலு ஆழம் பாக்கறதுக்குள்ள நீ பாத்துரு."

கையடக்கக் கருவியில் முதல் முடிவு வந்தது. மேலே முழங்கால் ஆழம் வரை இருந்தது மணல்மேட்டு மணல். அதற்குக் கீழே வேறு மணல், மிகப் பழையது. அந்தப் பழைய மணலில் இடைவெளி இல்லை. தெற்கிலிருந்து கரையோரமாக உருண்டு உருண்டு, தங்கித் தங்கி வந்த தடம் முழுசாக இருந்தது. மேலே இருந்ததில் மட்டும் இடைவெளி. அதுவும் ஒரே ஓர் அடுக்காக இல்லை. மெல்லிய அடுக்குகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் தனி இடைவெளி.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையில் ஒரு ஃபைபர் படகு வந்து ஏறியது. ஓட்டிவந்தவர் அஞ்சலாட்சியின் கணவர் மாசிலாமணி. படகு முழுக்கச் சாக்கு மூட்டைகள். பெண்கள் போய் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து கோயில் வாசலில் அவிழ்த்துக் கொட்டினார்கள். உள்ளே இருந்தது மணல். சலித்தது போலச் சுத்தமாக, வெளிர் மஞ்சளாக. கையாலேயே வாசல் முழுக்கப் பரப்பினார்கள். சுகிர்தாவின் குழாய் நின்ற இடத்தைச் சுற்றி ஒருத்தி பரப்பிவிட்டுப் போனாள்.

"இது எங்கேருந்துக்கா?"

"தெக்கேருந்து. தொறமொகத்துக்கு அந்தாண்ட, மணல்மேடு. வருசா வருசம் காப்புக் கட்றதுக்கு முன்ன புது மணலு போடணும். இல்லாட்டி ஆத்தா வாசல்ல எறங்க மாட்டா."

சுகிர்தா குழாயைப் பிடித்தபடியே இருந்தாள். சாக்குக்குள் இருந்த நேரம்தான் அந்தச் சின்ன இருட்டு. மெல்லிய அடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஆடி.

"ஏன்க்கா அங்கேருந்து?"

அஞ்சலாட்சி கூடையை இறக்கி வைத்தாள். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தாள். முன்பெல்லாம் மணல் தானாகவே வரும் என்று மாமியார் சொல்லுவாளாம். தெண்டி ஓட ஆரம்பித்தால், அதாவது தெற்கிலிருந்து வடக்கே நீரோட்டம் எடுத்தால், ஆடிக்குள் புது மணல் கோயில் படி வரைக்கும் வந்து ஏறிக் கிடக்கும். அதன் மேல்தான் பொங்கல் வைப்பார்கள். துறைமுகத்தில் கல் போட்ட வருடம் மணல் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

"எங்க நின்னுகினு கீதுன்னு தெரியும். கண்ணெதிர்ல குவிஞ்சி கெடக்குது. அதான் போயி கூட்டியாறோம். மாமியார் ஊட்ல பொண்ண அனுப்ப மாட்டேன்னா, பொறந்த ஊட்லேருந்து போயி கூட்டியார்றது இல்லியா, அந்த மாதிரி."

"இத ஆணையத்துல சொன்னீங்களா?"

"கேட்டாங்களா? உங்க மணலு எங்க கீதுன்னு கேட்டாங்க. இங்க கீதுன்னு காட்னோம். இது எங்க மணலுதான?"

சுகிர்தா தலையசைத்தாள். பிறகு, பேச்சு திக்கித் திக்கி வந்தாலும், சொல்லிவிட்டாள். கோயில் வாசல் மணல் பொருந்தியதை வைத்துத்தான் வழக்கு நிற்கிறது. அது படகில் வந்தது என்றால் பொருத்தம் செல்லாது. கீழே இருக்கும் பழைய மணலும் தெற்கிலிருந்து வந்ததுதான். ஆனால் துறைமுகத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது, மணல்மேட்டில் இப்போது கிடக்கும் மணலோடு பொருந்தாது. சட்டத்துக்குப் பொருத்தம் வேண்டும்.

அஞ்சலாட்சி புது மணலைக் காலால் கொஞ்சம் நிரவினாள்.

"நீ எந்த ஊரு பாப்பா?"

"மணல்மேடு."

"அங்க எங்க?"

"கே பிளாக்."

"தோண்டப் போற எடமா?"

"ஆமா."

அஞ்சலாட்சி படகுப் பக்கம் திரும்பினாள். மூட்டை கொட்டிய பெண்கள் படகுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எதையோ சொல்லி மற்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப நீ எழுதுனா எங்க ஊடு போவும். எழுதாம வுட்டா உங்க ஊடு போவும். தொறமொகம் எங்கியும் போவாது." கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். "யார் கூட இருக்க அங்க?"

"அம்மா."

"துன்னுட்டுப் போ. மீன் கொழம்பு கீது."

அவள் சாப்பிட்டாள். மறுக்கத் தெரியவில்லை. தார்ப்பாய் கட்டிய வீடு அஞ்சலாட்சியுடையது. தட்டை வைத்திருந்த தரை அலைக்கு அலை லேசாக அதிர்ந்தது. வீட்டில் வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

*

திரும்பி வரும் ரயிலில் அவள் எதையும் முடிவு செய்யவில்லை. இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உண்மையை எழுதினால் அவளுடைய வீடு பிழைக்கும். உண்மைக்காகவே எழுதினாள் என்று யார் நம்புவார்கள், அவளே நம்புவாளா என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டால் புன்னைக்குப்பத்துக்குக் கரை கிடைக்கும். அது அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் பொய்யான பொருத்தத்தின் மேல் கிடைக்கும், அம்மா மறுபடி மூட்டை கட்டுவாள். கல்லூரியில் பிழை என்றால் திருத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் பத்மநாபனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக, தான் எங்கே குடியிருக்கிறாள் என்பதையும்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கணும்மா."

"யாரும் கேக்கல சார்."

"இப்ப நீங்க எழுதினா வீட்டைக் காப்பாத்திக்க எழுதினீங்கன்னுதான் சொல்லுவாங்க. உங்க பேர் வேண்டாம். வேற ஆளை அனுப்பி மாதிரி எடுக்கச் சொல்றேன்."

"முடிவு அதேதான் வரும் சார்."

"தெரியும்."

அவள் எழுந்திருக்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவள் எழுந்து போய்விடுவாள்.

"துறைமுகம் வந்த வருஷத்துலேருந்துதான் சார் அவங்க மணல் எடுக்கப் போறாங்க. ஒவ்வொரு அடுக்கா எண்ணிப் பாத்தா சரியா அந்த வருஷத்துல தொடங்குது. மணல் நின்னுபோச்சுங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? இதை அறிக்கையில சேக்கலாமே."

பத்மநாபன் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும்.

"நல்ல சாட்சிதான். நான் பாத்ததுலயே நல்ல சாட்சி. ஆனா யார் மேல?" என்றார். "துறைமுகத்து மேல. துறைமுகம் இந்த வழக்குல இல்லையேம்மா."

வேறு ஆள் போனார். அதே அடுக்குகள், அதே இடைவெளிகள். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மணல் என்று ஒரே வரியில் அறிக்கை முடிந்தது. புன்னைக்குப்பத்தின் கோரிக்கை தள்ளுபடி ஆனது. கரை அரித்ததற்கான காரணம் என்ற இடத்தில் 'இயற்கை' என்று எழுதினார்கள். அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது என்பது விதி.

கே பிளாக்கில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். ரஞ்சிதம் கேசரி செய்தாள். சுகிர்தா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அலுவலகத்திலிருந்தே தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

*

ஐப்பசிப் புயல் ஒன்றில் புன்னைக்குப்பத்தின் கருங்கல்லும் கோயிலும் வீடுகளும் போயின. ஆள் சேதம் இல்லை. செய்தியில் அதைத்தான் முதலில் சொன்னார்கள். வீடு இழந்தவர்களை மறுகுடியமர்த்த இடம் தேடியபோது, கட்டி முடித்துத் திறக்காமல் கிடந்த ஒரு பிளாக் இருந்தது. மணல்மேட்டில்.

தை மாதம் லாரிகளில் வந்து இறங்கினார்கள். அஞ்சலாட்சி சுகிர்தாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "இன்னா மெஷின் பொண்ணு, மணலு வரலன்னு நாங்களே வந்துட்டோம்" என்றாள். சிரித்தபடி சொன்னதால் சுகிர்தாவால் தலை குனியவும் முடியவில்லை.

கொஞ்ச நாளில் அது பழகிப் போனது. தண்ணீர்க் குழாயடியில் ரஞ்சிதமும் அஞ்சலாட்சியும் குடத்தின் வரிசைக்காகச் சண்டை போட்டார்கள், பிறகு மீனுக்கும் முருங்கைக்கீரைக்குமாகச் சமாதானம் ஆனார்கள். இங்கே கடல் தூரம் என்பதுதான் வந்தவர்களின் பெரிய குறை. படகை இறக்க அத்தனை அகலமான மணலைத் தாண்டி இழுக்க வேண்டும். கரையில் நடக்க நடக்கக் கடல் வந்து சேரவே மாட்டேன் என்கிறது என்று மாசிலாமணி அலுத்துக்கொண்டார். தொழிலை விட்டுவிட்டுப் பலர் கிரேன் பக்கம் கூலிக்குப் போனார்கள்.

ஆடி பிறந்தது. கோயில் இல்லாத ஆடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகிர்தா பால்கனியிலிருந்து பார்த்தபோது, அஞ்சலாட்சியும் இன்னும் சில பெண்களும் கரையில் உட்கார்ந்து சாக்குகளில் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் கீழே இறங்கிப் போனாள். போகும்போது ரஞ்சிதம் எதுவும் கேட்காமல் காலி அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"இந்த வருஷம் எங்கக்கா கொண்டு போறீங்க?"

"எங்க கொண்டு போவாங்க? ஆத்தா வாசலுக்குத்தான்." அஞ்சலாட்சி அவள் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். "அள்ளு. மேல் மணல அள்ளாத, குப்ப கீது. கொஞ்சம் நோண்டி அள்ளு."

படகில் இடம் இருந்தது. சுகிர்தா இதுவரை துறைமுகத்தின் கல்சுவரைக் கடல் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. வரைபடத்தில் அது விரல் நீளக் கோடு. இங்கே அதைக் கடக்க வெகுநேரம் ஆனது. சுவரின் தெற்கே தண்ணீர் மணலோடு பழுப்பாகக் கலங்கியிருந்தது. வடக்கே வந்ததும் பச்சையாகத் தெளிந்துவிட்டது.

கரையில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியையும் செல்போன் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்து மாசிலாமணி இன்ஜினை நிறுத்தினார். கோயில் வாசல் இருந்த இடம். சுற்றிலும் தண்ணீர்தான். பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். சுகிர்தாவும் கழற்றினாள். அஞ்சலாட்சி கற்பூரம் ஏற்றப் பார்த்தாள். காற்றில் நிற்கவில்லை. சரி போ என்று விட்டுவிட்டு, முதல் மூட்டையின் கட்டை அவிழ்த்துத் தண்ணீரில் சாய்த்தாள். மணல் மஞ்சளாக இறங்கி, கொஞ்சம் ஆழத்தில் சாய்ந்து, கலைந்து போவது தெரிந்தது.

சுகிர்தாவுக்கு அந்தச் சாய்வு தெரியும். வேகம், ஆழம், திசை எல்லாம் மனதில் தானாக ஓடின. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, இது இங்க நிக்காது. தெண்டி ஓடுது. வடக்கே அடுத்த ஊருக்குப் போயிடும்."

"தெரியும்." அஞ்சலாட்சி சாக்கை உதறினாள். "வழில மாட்டிகினு இருந்துது. சொவரு தாண்டி கொணாந்து வுட்டாச்சு. இனிமே அது பாட்டுக்குப் போவும்."

சுகிர்தா வடக்கே பார்த்தாள். அடுத்த ஊர் தூரத்தில் தெரிந்தது. அதன் கரையில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து கருங்கல் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் சற்றுத் தாமதமாக வந்தது. என்றாவது ஒருநாள் அந்த ஊரின் மணலை யாராவது தடமானியில் போட்டுப் பார்ப்பார்கள். அதில் சின்னதாக ஓர் இடைவெளி இருக்கும். கருவிப் பிழை என்று சொல்லுவார்கள்.

"இன்னா வேடிக்க பாத்துகினு? இன்னும் ஆறேழு மூட்ட கீது," என்றாள் அஞ்சலாட்சி. "அந்தப் பக்கம் புடி."

சுகிர்தா அரிசிச் சாக்கின் அந்தப் பக்கத்தைப் பிடித்தாள்.